விழுந்த நட்டு எங்கே?

"ஒண்ணும் ஆகாது சார். அது சம்ப்ல போய் உட்கார்ந்துக்கும்."

பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இந்த வாக்கியத்தை ஒரு முறையாவது கேட்டிருப்பீர்கள். இன்ஜினுக்குள் ஒரு நட்டோ வாஷரோ விழுந்திருக்கும். விழுந்ததை நீங்கள் பார்த்துவிட்டீர்கள், அல்லது 'டிங்' என்று சத்தம் கேட்டுவிட்டது. இனி மறைக்க முடியாது என்பதால் சொல்லும் சமாதானம் இது. இதற்குக் கூடப்பிறந்தவை இன்னும் இரண்டு உண்டு. "ஸ்டார்ட் பண்ணினா சைலன்சர் வழியா வெளியே வந்துடும்" என்பது ஒன்று. "காத்து அடிச்சா போயிடும்" என்பது இன்னொன்று. மூன்றும் தப்பு. முதலாவது பாதி உண்மை என்பதால் அதுதான் மிக ஆபத்தானது.

34 வருஷம் ஒர்க்‌ஷாப்பில் கழித்தவன் நான். என் கண் முன்னால் எத்தனையோ நட்டுகள் உள்ளே விழுந்திருக்கின்றன. நட்டு விழுவது பெரிய விஷயமே இல்லை. விழுந்த பிறகு அடுத்த ஐந்து நிமிஷம் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

அம்பாசிடரையே எடுத்துக்கொள்வோம். உத்தர்பாராவில் 2014-இல் அதன் உற்பத்தி நின்றது. இன்றைக்கு அதை வைத்திருப்பவர்கள் ஆசைக்காக வைத்திருப்பவர்கள். அதன் பழைய பெட்ரோல் இன்ஜின் 1489 சிசி, மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டோடு வந்த பி.எம்.சி. பி-சீரிஸ் வகை. பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. நல்ல திடமான இன்ஜின். ஆனால் உள்ளே ஏதாவது விழுந்தால் அது போய்ச் சேரக்கூடிய இடங்கள் நிறைய. அவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னால்தான் "சம்ப்ல உட்கார்ந்துக்கும்" என்பது எவ்வளவு அரைகுறைப் பேச்சு என்று புரியும்.

மேலே ராக்கர் கவரைத் திறந்து வேலை செய்யும்போது விழுந்தால், புஷ் ராட் போகும் ஓட்டை வழியாக அது டேப்பட் அறைக்குள் இறங்கும். அங்கேயே ஒரு மூலையில் தங்கிவிடலாம். அல்லது கேம் ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்ட் எல்லாவற்றையும் தாண்டிக் கீழே சம்ப்புக்குப் போகலாம். சம்ப்பில் போய்ச் சேர்ந்துவிட்டால் மெக்கானிக் சொல்வது பெரும்பாலும் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆயில் பம்ப் உறிஞ்சுகிற இடத்தில் வலை இருக்கிறது. ஒரு நட்டு அதைத் தாண்டிப் போக முடியாது. அடியில் எண்ணெய்க்குள் சும்மா கிடக்கும்.

ஆனால் அது சம்ப்பில்தான் இருக்கிறது என்று யார் பார்த்தது? வழியில் ஒரு விளிம்பில் உட்கார்ந்திருந்தால், முதல் பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது அங்கிருந்து புறப்படும். அப்போது கீழே கிராங்க் சுழன்றுகொண்டிருக்கும். கை விரல் நுழையாத இடத்தில் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே போய் மாட்டினால் எது உடையும் என்பது அந்த நட்டின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. சம்ப்பில் கிடக்கிறது என்பது கண்டுபிடித்த பிறகு சொல்ல வேண்டிய வார்த்தை. தேடாமல் இருப்பதற்குச் சொல்லும் வார்த்தை அல்ல.

அடுத்தது கார்ப்புரேட்டர் கழற்றிய வாய். மேனிஃபோல்டின் திறந்த வாய்க்குள் ஒரு ஸ்பிரிங் வாஷர் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இன்ஜினில் நாலு சிலிண்டருக்கு இன்லெட் வழி இரண்டுதான். ஒன்றும் இரண்டும் ஒரு வழியைப் பகிர்ந்துகொள்ளும், மூன்றும் நாலும் இன்னொன்றை. அதனால் வாஷர் எந்த சிலிண்டருக்குப் போகும் என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. ஒன்றுக்குள் போய் அடி வாங்கி, திரும்பத் துப்பப்பட்டு, அடுத்ததற்குள் போன கதையும் உண்டு. ஒரு வாஷர், இரண்டு பிஸ்டனுக்குச் சேதம்.

"சைலன்சர் வழியா வந்துடும்" என்பவர்களுக்குக் கொஞ்சம் கணக்கு சொல்கிறேன். இந்த வண்டியில் நிறைய இடங்களில் இருக்கிற 5/16 அங்குல நட்டுக்கு நாம் 1/2 ஸ்பேனர் போடுகிறோம். அதாவது நட்டின் அகலம் 12.7 மில்லிமீட்டர். எக்ஸாஸ்ட் வால்வு முழுதாகத் திறந்தாலும் அந்த இடைவெளி 10 மில்லிமீட்டர்கூட வராது. நட்டு சரியாகப் பக்கவாட்டில் திரும்பி, சரியான கணத்தில், சரியான திசையில் ஓடினால்தான் வெளியே போகும். அதுவரை அது சிலிண்டருக்குள் சும்மா இருக்குமா? இன்ஜின் 600 சுற்றில் ஐடிலில் ஓடுகிறது என்றால் நொடிக்கு 10 முறை பிஸ்டன் மேலே வருகிறது. "அஞ்சு செகண்ட் ஓட்டிப் பாத்துடலாம்" என்றால் 50 அடி. பிஸ்டன் அலுமினியம், நட்டு எஃகு, மேலே ஹெட் வார்ப்பிரும்பு. உரலில் போட்ட மாதிரி. நட்டு வால்வுக்கடியில் மாட்டி, வால்வு மூட முடியாமல் போனால் வால்வும் வளையும். அப்புறம் ஹெட்டை இறக்கியே ஆக வேண்டும். பத்து நிமிஷத் தேடலை மிச்சம் பிடித்து ஒரு வாரத்தைச் செலவழிக்கிற சாமர்த்தியம் இது.

"காத்து அடிக்கிறேன்" என்பவருக்கு ஒன்றே ஒன்று. கம்ப்ரஸர் காற்றுக்கு நட்டை வெளியே தள்ள வேண்டும் என்று தெரியாது. எந்தப் பக்கம் வழி இருக்கிறதோ அந்தப் பக்கம் தள்ளும். கைக்கு எட்டுகிற இடத்தில் கிடந்ததை எட்டாத இடத்துக்கு அனுப்பிவிட்டு, குனிந்து பார்க்கிறவன் கண்ணில் தூசியையும் எண்ணெயையும் அடிக்கும்.

சரி, என்னதான் செய்வது?

முதல் வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. இன்ஜினைச் சுற்றாதீர்கள், வண்டியை நகர்த்தாதீர்கள், பேட்டரி கனெக்‌ஷனைக் கழற்றி வையுங்கள். யாராவது பழக்கத்தில் சாவியைத் திருப்பிவிடுவார்கள். பிறகு, விழுந்தது என்ன என்று முடிவு செய்யுங்கள். அதே மாதிரி இன்னொன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரும்பா, பித்தளையா, செம்பா? பழைய பிரிட்டிஷ் வடிவ இன்ஜின்களில் மேனிஃபோல்டுக்குப் பித்தளை நட்டு போடுகிற வழக்கம் உண்டு. அதை மேக்னட் தொடாது. அரை மணி நேரம் மேக்னட்டை விட்டுத் துழாவிவிட்டு "இங்கே இல்லை" என்று முடிவு கட்டுவார்கள். இருக்கும், மேக்னட்டுக்குத்தான் அது பிடிக்காது.

இரும்பு என்றால் நீள மேக்னட் போதும். ஆனால் வார்ப்பிரும்பு இன்ஜினில் மேக்னட் உள்ளே போகும்போதே சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஒரு பிளாஸ்டிக் குழாயை உறை மாதிரி போட்டு, நுனி மட்டும் வெளியே தெரிய இறக்க வேண்டும். பித்தளை, செம்பு என்றால் நுனியில் நாலு விரல் விரியும் ஸ்பிரிங் பிடிப்பான் கடைகளில் கிடைக்கிறது. வாஷராக இருந்தால் கம்பி நுனியில் கெட்டியான கிரீஸ் அப்பி, மெதுவாகத் தொட்டு எடுக்கலாம். இன்றைக்கு செல்போனில் மாட்டிப் பார்க்கிற குட்டிக் கேமரா ஆயிரம் சொச்சம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. பிளக் ஓட்டை 14 மில்லிமீட்டர், அது தாராளமாக நுழையும். என் காலத்தில் பல் டாக்டர் கண்ணாடியும் டார்ச்சும்தான். இன்றைக்கு இந்தக் கேமரா இல்லாத ஒர்க்‌ஷாப்பை நான் ஒர்க்‌ஷாப் என்றே ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வேக்குவம் கிளீனர் முனையில் சின்னக் குழாயைக் கட்டி, நடுவில் ஒரு துணி வலை வைத்து உறிஞ்சுகிறவர்களும் உண்டு. லேசான சாமான்களுக்கு நல்ல யோசனை. ஆனால் பெட்ரோல் வாடை இருக்கிற இடத்தில் வேண்டவே வேண்டாம். அந்த மோட்டாருக்குள் தீப்பொறி வரும்.

சிலிண்டருக்குள் விழுந்ததை எடுக்க பிஸ்டனைக் கொஞ்சம் மேலே கொண்டுவர வேண்டி வரலாம். அதை ஸ்டார்ட்டரால் செய்யாதீர்கள். எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு, கையால், அங்குலம் அங்குலமாக. பழைய அம்பாசிடரில் இதற்கென்றே முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றும் வசதி இருந்தது. கைக்குத் தடை தெரிந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அந்தத் தடையைக் கை உணரும், ஸ்டார்ட்டர் மோட்டார் உணராது.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் ஸ்க்ரூ விழுவது எல்லா இடத்திலும் நடப்பது. தட்டுக்குக் கீழே, அட்வான்ஸ் வெயிட்டுகள் இருக்கிற இடத்துக்குப் போய்விடும். "வேற ஸ்க்ரூ போடு" என்று மூடிவிடுவார்கள். அது கீழே சிக்கி, ஷாஃப்டையே பிடித்துவிட்டால் என்ன ஆகும்? கழற்றித் தலைகீழாக உலுக்கினால் வந்துவிடும் சமாசாரம் இது. டைமிங் மாறிவிடும் என்று பயப்படுகிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கழுத்தை இறுக்கிப் பிடிக்கிற போல்ட்டைத் தொடாமல், கிளாம்ப் தட்டை பிளாக்கோடு பிடிக்கிற இரண்டு ஸ்க்ரூவை மட்டும் கழற்றினால் டைமிங் அப்படியே இருக்கும். அடியில் இருக்கிற பிடிப்பு மையம் விலகிய வடிவம் என்பதால் திரும்பப் போடும்போது ஒரே ஒரு நிலையில்தான் உட்காரும். பயப்பட ஒன்றும் இல்லை. சோம்பலுக்குப் பயம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சம்ப்புக்குத்தான் போனது என்று சந்தேகமா? ஆயிலை ஒரு வலை வழியாக வடியுங்கள். சில சமயம் நட்டு ஆயிலோடு வந்துவிடும். வராவிட்டால் டிரெய்ன் ஓட்டை வழியாக மேக்னட்டை விட்டுத் துழாவுங்கள். டேப்பட் அறையில் இருக்கலாம் என்றால், பி-சீரிஸ் இன்ஜினில் பக்கவாட்டில் அதற்கென்று இரண்டு மூடிகள் இருக்கின்றன. மேனிஃபோல்டுக்கு அடியில் இருப்பதால் எட்டுவது கஷ்டம். கஷ்டம் என்பது வேறு, முடியாது என்பது வேறு.

இதெல்லாம் கை வேலை. யாரும் கற்றுக்கொள்ளலாம். எனக்குக் கோபம் இந்த வேலை தெரியாதவர்கள் மேல் இல்லை.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். வால்வு ஸ்பிரிங் மாற்றுகிற வேலை. ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் பிடித்து நிறுத்துவது இரண்டு பாதிப் பிறை மாதிரித் துண்டுகள், வால்வு லாக் என்பார்கள். 8 வால்வு, 16 துண்டு. அதில் ஒன்று எடுபிடிப் பையன் கையிலிருந்து நழுவி உள்ளே போய்விட்டது. யாரும் பார்க்கவில்லை. அவன் என்ன செய்தான்? பழைய சாமான் டப்பாவிலிருந்து அதே மாதிரி ஒன்றைத் தேடி எடுத்து வைத்துவிட்டான். கணக்கு சரியாகிவிட்டது. மூடி, ஸ்டார்ட் செய்து, வண்டியைக் கொடுத்தார்கள். பத்து நாளில் இன்ஜின் பூட்டிக்கொண்டு நின்றது. பிரித்தபோது அந்தத் துண்டு நசுங்கிக் கிடந்தது. பையனுக்கு எல்லோர் முன்னாலும் இரண்டு அறை, அன்றைக்கே வேலையை விட்டும் அனுப்பினார்கள். "திருட்டுப்பய, சொல்லியிருந்தா அப்பவே எடுத்திருக்கலாமே" என்று முதலாளி கத்திக்கொண்டிருந்தார்.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே இரண்டு அறை, பத்து நாள் முன்னாடியே கிடைத்திருக்கும். அதற்கு முந்தின வாரம் ஒரு போல்ட்டைக் கீழே போட்டதற்கு ஸ்பேனரால் முட்டியில் அடி வாங்கியவன் அவன். அந்தப் பையனுக்கு மறைக்கக் கற்றுக்கொடுத்தது யார்? நட்டு விழுந்தால் இன்ஜினுக்கு ஆபத்து என்பதைவிட, சொன்னால் தனக்கு ஆபத்து என்பதைத்தான் அந்தக் கடை அவனுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது. அவன் நன்றாகப் படித்தான்.

"திட்டலேன்னா கவனம் வராது சார், நாங்கள்லாம் அடி வாங்கித்தான் தொழில் கத்துக்கிட்டோம்" என்று பெரிய மெக்கானிக்குகள் சொல்வார்கள். பெருமையாக வேறு சொல்வார்கள். அடியால் நட்டு விழுவது நிற்காது ஐயா. எண்ணெய்க் கை வழுக்கத்தான் செய்யும். அடியால் நிற்பது, நட்டு விழுந்த செய்தி உங்கள் காதுக்கு வருவதுதான். உங்கள் கடையில் எதுவுமே விழுவதில்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், விழுந்ததை யாரும் உங்களிடம் சொல்வதில்லை என்று அர்த்தம்.

நான் தொழில் கற்ற இடத்தில் ஒரு பெரியவர் இருந்தார். அவர் வைத்த சட்டம் ஒன்றுதான். "விழுந்துடுச்சு" என்று உடனே சொன்னவனுக்கு அன்றைக்கு அவர் காசில் டீ. சொல்லாமல் மறைத்தவனுக்கு மட்டும்தான் திட்டு. டீக்காக யாரும் வேண்டுமென்றே நட்டைக் கீழே போட்டதில்லை. ஆனால் அந்தக் கடையில் விழுந்த எதையும் எடுக்காமல் ராக்கர் கவர் மூடியதும் இல்லை. அந்தச் சட்டத்தை நான் கடைசி வரைக்கும் என் பிரிவில் வைத்திருந்தேன். மாதத்துக்கு நாலைந்து டீ, அதற்கு மேல் செலவு வந்ததில்லை.

ஆபரேஷன் தியேட்டரில் வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன் பஞ்சு, ஊசி, கருவி எல்லாவற்றையும் வாய்விட்டு எண்ணுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலிலேயே அது இருக்கிறது. எண்ணச் சொன்னதற்காக எந்த சர்ஜனும் அவமானப்படுவதில்லை. விமானம் பழுது பார்க்கிற இடங்களில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் பலகையில் அதன் உருவம் வரைந்திருக்கும். வேலை முடிந்து ஓர் உருவம் காலியாக இருந்தால், அந்த ஸ்பேனர் எங்கே என்று தெரியும்வரை விமானத்தை விட மாட்டார்கள். அங்கே படித்தவர்கள் வேலை செய்கிறார்கள் என்பதால் அல்ல. மனிதர் கை வழுக்கும் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்பதால். நம் கடைகளில் ஒரு தாம்பாளத்தில் கழற்றியதை வரிசையாக வைத்து, மூடும்போது எண்ணுவதற்கு என்ன செலவு? திறந்த ஓட்டையில் வால் வெளியே தொங்குகிற மாதிரி ஒரு கலர் துணியை அடைத்து வைக்க என்ன செலவு? அந்தத் துணியையும் எண்ணிக்கொள்ளுங்கள், அதையும் உள்ளே விட்டு மூடியவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக, வண்டிக்காரர்களான நம்மிடம் வருகிறேன். மெக்கானிக்கைத் திட்டியதால் நாம் தப்பித்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை "இன்னும் எவ்வளவு நேரம்ப்பா?" என்று கேட்கிறவர்கள் நாம். "சாயந்திரம் கல்யாணத்துக்குப் போகணும், முடிச்சுக் குடுத்துடு" என்று நெருக்குகிறவர்கள் நாம். நட்டு விழுந்தது என்று சொன்னால் "என்னய்யா வேலை செய்யறே?" என்று முதலில் குரல் உயர்த்துகிறவர்களும் நாமே. முதலாளி பையனை அறைவது பாதி நம் எதிரில் தன் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். தேடின நேரத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். கீழே போட்டது அவர்கள், அந்தச் செலவு அவர்களுடையது. ஆனால் நேரத்தைக் கொடுங்கள். "பரவாயில்லை, நாளைக்கு எடுத்துக்கறேன், பொறுமையாத் தேடு" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை உங்கள் இன்ஜினுக்கு நீங்கள் போடுகிற ஆயிலைவிட நல்லது.

எனவே சட்டம் ஒன்றுதான். விழுந்தது கையில் வந்து, நீங்கள் அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சாவி. "சம்ப்ல இருக்கும்" என்றால் சம்ப்பிலிருந்து எடுத்துக் காட்டட்டும். எடுத்துக் காட்டினால் அந்தப் பையனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

உங்கள் வண்டிக்குள் விழுந்ததை எதை வைத்து எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். தையல் மெஷின் கடையில் வாங்கிய மேக்னட், குளியலறைக் கண்ணாடி என்று ஏற்கெனவே நண்பர்கள் சிலர் சொல்லியிருக்கிறார்கள். நல்ல யோசனைகளைத் தொகுத்து இன்னொரு பதிவாகப் போடுகிறேன்.